இலுப்பை மரத்தில் அடித்த ஆணி

பிள்ளைகளா, எண்பத்தாறாம் வருஷத்துக் கோடையில், திண்டிவனத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் இருக்கிற நம் ஊரில் இது நடந்தது. பெரியவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். நடுவுலவன் அவள் பின்னால் அழுதுகொண்டு ஓடுவான். சின்னவன் கைக்குழந்தை. உங்கள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் உங்கள் அம்மாதான், "எழுதிடுங்க. என்னை மாதிரி யாராவது இருந்தா படிச்சிக்கட்டும்" என்றாள். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. தப்பு இருந்தால் தள்ளிப் படியுங்கள்.

நான் அப்போது திண்டிவனம் – விழுப்புரம் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். தினமும் போகவர நம் ஊரைத் தாண்டிக்கொண்டே இருப்பேன். ஊருக்குள் திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் ரோட்டோரம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்டிருப்பார்கள். அதன் பின்னால் இலுப்பைத் தோப்பு. தோப்புக்குள் ஒரு பாழுங்கிணறு. உச்சி வேளையில் அங்கே யாரும் கால் வைக்கமாட்டார்கள். முனி நடமாடுகிற நேரம் என்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட வெயில் தலைக்கு நேராக வருவதற்குள் ஆட்டை வெளியே ஓட்டிவிடுவார்கள்.

சித்திரையில் ஒரு நாள். பகல் பன்னிரண்டு மணி டிரிப். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் "ஐயோ, அங்க பாருங்க!" என்று கத்தினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று நின்றது. குனிந்தது. நிமிர்ந்தது. அப்படியே எங்கள் பக்கம் பார்த்தபடி அசையாமல் நின்றுவிட்டது. கானல் ஆடிக்கொண்டிருந்ததால் கால் தரையில் படுகிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"இன்னா கண்டக்டரே, எறங்கிப் போய் அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சிட்டு வா" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது.

மறுநாளும் அதே இடத்தில் அது நின்றது. அதற்கு மறுநாளும். பிறகு யாரும் சிரிக்கவில்லை. தோப்பு வரும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் உள்பக்கம் நகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் காரணமே இல்லாமல் ஹாரனை அழுத்திக்கொண்டு வேகமாகத் தாண்டுவார். நான் பையில் இருக்கிற சில்லறையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன். ஆனால் கடைசி நொடியில் கண் தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

அந்த மாதமே, காணாமல்போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போன ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குள் ஓடிவந்தார். நாங்கள் ஆம்பளைகள் கூட்டமாகப் போனோம். அடியில் கிடந்த கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மூட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். துணியைச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒருவர் நீளக் கழியால் ஒன்றைத் தண்ணீருக்குள் அழுத்தினார். கழியை எடுத்ததும் அது மெதுவாக மேலே வந்து புரண்டு படுத்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் வந்தது.

"எதப் போட்டாலும் முழுகும். இது ஏன்யா முழுவல?" என்றார் அவர்.

ஒன்றை மேலே இழுத்துப் பிரித்தார்கள். உள்ளே பஞ்சு, சாம்பல். "செய்வினைதான், சந்தேகமே இல்ல" என்றார்கள். பிரித்த துணியில் வெளுத்துப்போன ஒரு பச்சைக் கரை ஓடியது. அதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

பூசாரி ஒருவரை வரவழைத்தார்கள். கண்டக்டர் டவுனுக்குப் போகிறவர் என்று ஆணி வாங்கிவரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். விழுப்புரம் இரும்புக் கடையில் ஒரு சாண் ஆணி நான்தான் வாங்கிவந்தேன். அமாவாசை அன்று உச்சியில் பூசாரி அந்தத் துணியில் ஒரு கிழிசலை எடுத்து, கிணற்றோரத்து இலுப்பை மரத்தில் வைத்து, ஆணியை அறைந்தார். பாதி ஆணி உள்ளே போனதும் மரத்திலிருந்து பால் வடிந்தது. மற்ற மூட்டைகளை மேலே எடுத்துக் கொளுத்தினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இத வெச்சவ ஒரு பொம்பள. ஊருக்குள்ளதான் கீறா. ஆணி எறங்கிடுச்சி, இனிமே அவ ஒடம்பு நாறும். அடுத்த அமாவாசைக்கு நான் வரேன். பொம்பளைங்க எல்லாரையும் இங்க குந்த வையுங்க. மூக்க வெச்சே புடிச்சிடறேன்."

அன்றிலிருந்து ஊரில் பெண்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள். குழாயடியில், கடையில், எல்லா இடத்திலும்.

நம் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவன் பிறந்ததிலிருந்து உங்கள் அம்மா ஆளே மாறியிருந்தாள். இரண்டு பகல் இரண்டு இரவு வலி கண்டு, வீட்டிலேயே மருத்துவச்சி பார்த்த பிரசவம். அதற்குப் பிறகு எந்நேரமும் வீட்டில் சாம்பிராணிப் புகை. அவள் உட்கார்வதே இல்லை. நான் வந்தால் சுவரோரம் நின்றபடியே பேசுவாள். தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. உதடு வெடித்திருந்தது. கல்யாணம் காட்சி என்று கூப்பிட்டால் குழந்தையைச் சாக்குச் சொல்வாள். மழையே இல்லாத அந்தக் கோடையில், அவள் நின்ற இடத்தில் சில நேரம் தரை ஈரமாக இருக்கும். நான் பார்ப்பதற்குள் காலால் தேய்த்துவிடுவாள்.

இன்னொன்று, என் தலையணை. இலவம்பஞ்சுத் தலையணை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் தலையை வைத்தால் தரை தட்டியது.

"இன்னாமே, இதுல இருந்த பஞ்செல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"எலி இழுக்குதுங்க" என்றாள்.

பக்கத்து வீட்டில் இருந்த உங்கள் அத்தை, என் அக்கா, ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "டேய் தம்பி, உம் பொண்டாட்டி மேல ஏதோ கீதுடா. மூஞ்சே சரியில்ல. ஜல்தியா மலையனூர் அம்மன் கோயிலுக்கு இட்டுக்கினு போயிட்டு வா." அக்காவுக்குக் கெட்ட மனசு கிடையாது. ஆனால் அவள் மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் எதுவும் நிற்காது.

ஆணி அடித்த பிறகு பஸ்ஸிலிருந்து பார்த்தால் தோப்பு வெறுமையாக இருந்தது. "பாத்தியா, கும்முனு வேல செய்யுது" என்றார் டிரைவர். ஊர் ஆட்கள் தினம் உச்சியில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூட்டை எதுவும் மிதக்கவில்லை. ஆனால் நம் வீட்டில் ஒரு வாடை. சாம்பிராணியை மீறிக்கொண்டு வந்தது.

என் ஓய்வு நாள் ஒன்றில், நட்ட நடுப் பகலில், வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உள்மூலையில், கேப்பை கொட்டிவைக்கிற பெரிய பானை. மூடியைத் தூக்கினேன்.

உள்ளே வெள்ளை மூட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாக, பானை வாய் வரைக்கும். அதே நூல். அதே சுருட்டல். பச்சைக் கரை.

கிணற்றில் இருந்தது நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பினேன். கதவருகே அது நின்றது. பஸ்ஸிலிருந்து பார்த்த அதே வெள்ளை. அசையாமல், என்னைப் பார்த்தபடி.

"பேய் இல்லீங்க" என்றது. "நாந்தான்."

புடவைமேல் என் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள் உங்கள் அம்மா.

அதே நேரம் வெளியிலிருந்து அக்காவின் குரல். "டேய் தம்பி! இன்னாடா நாத்தம் இது, குடலப் புடுங்குது? நான் உள்ள வரட்டுமா?"

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மாதிரிப் பார்வையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அக்கா உள்ளே வந்திருந்தால் சாயங்காலத்துக்குள் ஊரே நம் வாசலில் நின்றிருக்கும்.

"எலிக்கா!" என்றேன். "செத்த எலி. பொதச்சிட்டு வரேன், நீ வராத."

எனக்கு இன்னும் விஷயம் முழுதாகப் புரிந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை தானாக வந்தது.

பிறகுதான் சொன்னாள். பிரசவத்திலிருந்து சிறுநீர் நிற்பதே இல்லை. உட்கார்ந்தால், நின்றால், தூங்கினால், சொட்டிக்கொண்டே இருக்கிறது. "துணி கட்டினா தோய்ச்சிக் காயப் போடணும். தெனம் கொடியில அத்தன துணி தொங்கினா உங்க அக்கா சும்மா இருப்பாங்களா? அதான் பழைய துணியில பஞ்சும், வாடை தெரியாம சாம்பலும் வெச்சிக் கட்டிக்கினு, நனஞ்சதும் கடாசிடலாம்னு பாத்தேன். பொதச்சா நாயி தோண்டி இழுத்துக்கினு வருது. உச்சியில தோப்புக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க, கெணத்துல போட்டா முழுகிடும்னு போட்டேன். பாழாப்போனது மெதக்குது. இப்ப தெனம் அங்க ஆளுங்க வராங்க, அதான் பானையில வெச்சிருந்தேன்." பச்சைக் கரை, பெரியவளுக்குக் காது குத்தியபோது நான் எடுத்துக்கொடுத்த புடவை; சாயம் போய் வெளுத்ததைக் கிழித்திருக்கிறாள். புடவையில் ஈரம் தெரியாமல் இருக்க என் வேட்டியைச் சுற்றிக்கொள்வாளாம், தோப்புக்கும் அப்படித்தான் போயிருக்கிறாள். பஸ் வரும் சத்தம் கேட்டால் ஆடாமல் அசையாமல் நின்றுவிடுவாளாம். அசைந்தால்தான் தெரியும் என்று நினைத்து.

"உச்சியில முனி இருக்குன்னு பயம் இல்லியா உனக்கு?"

"முனி இன்னா, நான் நாறறேன்னு சொல்லப்போவுதா?" என்றாள்.

"ஊர்ல சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பினா, அப்புறம் எம் பக்கத்துல பந்தியில ஒருத்தர் குந்துவாங்களா? எம் பொண்ண எவனாவது கட்டுவானா?"

மறுநாளே திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பிரசவத்தில் குழந்தையின் தலை நெடுநேரம் அழுத்தி உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறது, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் தைத்துவிடலாம் என்றார். ஆனால் புண் ஆறவேண்டும், கொஞ்ச காலம் பொறுக்கவேண்டும். அதுவரை தோல் ஈரத்தில் ஊறக்கூடாது. தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்கு அவளைத் திட்டினார். குடிக்காவிட்டால்தான் வாடை அதிகமாகுமாம்.

சின்னவனே, இதைப் படித்துவிட்டு நீ மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. பிறந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? இரண்டு நாள் வலியில் கிடந்தவளை அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதது பெரியவர்கள் விஷயம்.

அமாவாசைக்கு அதிக நாள் இல்லை. திண்டிவனத்தில் என்னைத் தெரியாத ஆளில்லை என்பதால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். பஸ்ஸில் கடைசி சீட்டு வரை கேட்கும்படிக் கத்துகிறவன் நான். அங்கே குரலே எழும்பவில்லை.

"பஞ்சு வேணும்."

"இன்னா பஞ்சுங்க? காதுக்கா, காயத்துக்கா?"

"ஒரு... பெரியவங்களுக்கு."

"காது பெருசா?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நான் கையால் இடுப்பைக் காட்டினேன். அவர் புரிந்ததுபோலத் தலையாட்டி, பெண்கள் மாதாமாதம் வைத்துக்கொள்கிற பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றினார்.

"மூணு நாளுக்கு இது ஒண்ணு போதும்."

"முப்பது நாளும் வேணுங்க. சிறுநீர்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. பெரியவர்கள் கட்டிக்கொள்கிற மாதிரி வெளிநாட்டுச் சரக்கு பாண்டிச்சேரியில் கிடைக்கலாம், இங்கே இல்லை என்றார். அந்தப் பாக்கெட்டோடு, ஆஸ்பத்திரியில் காயத்துக்கு வைக்கிற வெள்ளைப் பஞ்சு உருளை ஒன்றும், வலை மாதிரியான கட்டுத்துணியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் தரையில் எல்லாவற்றையும் பரப்பினோம். ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். முதலில் தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சு. தண்ணீர் மேலேயே உருண்டு ஓரமாக வழிந்து ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தப் பஞ்சு தண்ணீரைக் குடிக்கவே குடிக்காது. அதனால்தான் அவள் நனைந்துகொண்டே இருந்திருக்கிறாள். அதனால்தான் மூட்டைகள் கிணற்றில் முழுகவில்லை. ஊரே நடுங்கிய விஷயம் நம் தலையணைக்குள் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் நனைந்தது. அதற்கும் சிரித்தாள்.

பாக்கெட்டில் வந்தது நன்றாகத்தான் உறிஞ்சியது, ஆனால் சீக்கிரம் நிறைந்துவிட்டது. ரத்தத்துக்குச் செய்தது, இவ்வளவு நீருக்குத் தாங்காது. ஆஸ்பத்திரிப் பஞ்சு மடமடவென்று குடித்தது, ஆனால் நனைந்ததும் ஒரு பக்கமாகத் திரண்டுகொண்டது. அதைக் கட்டுத்துணிக்குள் வைத்து, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் மடித்து, நூல் ஓட்டித் தைத்தாள். அது திரளாமல் நின்றது. வெளியே போகும்போது மட்டும் அடியில், உர மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கழுவி வெட்டி ஒரு அடுக்கு. வீட்டில் இருக்கும்போது பிளாஸ்டிக் வேண்டாம், தோல் வெந்துபோகும். நிறைகிறவரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். இவ்வளவும் நாங்களாகத் தட்டுத்தடுமாறிக் கற்றது. பழையதை நான் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். நாய் வரவில்லை.

அமாவாசை வந்தது. உச்சி வெயிலில் தோப்பில் எல்லாப் பெண்களையும் வெறும் மண்ணில் உட்கார வைத்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு உங்கள் அம்மா நாலு பேர் நடுவில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் உங்கள் அத்தை. நாங்கள் ஆம்பளைகள் பின்னால் நின்றோம். பூசாரி ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தார். இலை அசையவில்லை. அந்த உறிஞ்சல் சத்தம் மட்டும் கேட்டது. உங்கள் அம்மாவிடம் வந்ததும் நின்றார். நகரவில்லை.

"எழுந்திரு."

எழுந்தாள். அவர் தரையைப் பார்த்தார். நானும் அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த மண். சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை மூக்கை நீட்டி, "இவளா? இவகிட்ட சாம்பிராணி வாசனதான் வருது. தள்ளிப் போ சாமி, வெயில்ல மண்ட பொளக்குது" என்றாள்.

பூசாரி கடைசி வரிசை வரை போய்விட்டுத் திரும்பினார். "ஓடிட்டா. ஆணிக்குப் பயந்து எல்ல தாண்டிட்டா" என்றார். எல்லோரும் கைகூப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா, "தண்ணி குடுங்க" என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மூச்சுவிடாமல் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் பாண்டிச்சேரிக்குப் போனோம். பெரியவர்கள் கட்டிக்கொள்கிற அந்த வெளிநாட்டுச் சரக்கு ஒன்றை முன்னதாகவே அங்கிருந்து வாங்கிவந்திருந்தேன். நம் ஊரிலிருந்து திண்டிவனம் வரை என் பஸ்ஸில்தான் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர், "இன்னா கண்டக்டரே, ஊட்டுக்காரம்மாவுக்கு டிக்கெட் கெடயாதா?" என்று சீண்டினார். தோப்பு வந்தபோது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் மட்டும் திரும்பி, தாண்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கும் பலமாக இருமினால், சிரித்தால் கொஞ்சம் கசியும். இப்போதுதான் கடையில் விதவிதமாக வந்துவிட்டதே. பகலுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று அவளே பார்த்து வாங்கிக்கொள்கிறாள்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த பிறகு, என் ஓய்வு நாள் ஒன்றில் பஸ்ஸின் டூல்ஸ் பெட்டியிலிருந்து வாங்கிவைத்திருந்த குறடை எடுத்துக்கொண்டு தனியாகத் தோப்புக்குப் போனேன். உச்சி வேளை. வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். மரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது பன்னிரண்டு மணி பஸ் வந்தது. நான் இல்லாத என் பஸ். ஜன்னல்களில் முகங்கள் திரும்பின. ஒருத்தி கத்தினாள். கைகள் கன்னத்துக்குப் போயின. ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் பறந்தது. என்னை அறியாமல் நானும் அசையாமல் நின்றிருந்தேன். ஒரு மனுஷியைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தால் அவள் பேயாகத்தான் தெரிவாள், கிட்டே போனால்தான் நம் வீட்டு ஆள் என்று தெரியும். அதை அந்த இடத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆணி துருப்பிடித்து, மரம் அதைச் சுற்றி வீங்கியிருந்தது. குறடால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தேன். வந்தது. பச்சைக் கரைத் துணியை உதறி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆணியைக் கிணற்றில் போட்டேன். ஒரே சத்தத்தில் உள்ளே போய்விட்டது. மேலே வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.